இருபது மில்லி

என் கடைத் தைலத்தில் கலப்பு என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ஜெயந்திதான். அதுவும் கடையில் ஆள் நிறைந்திருந்த ஒரு திங்கட்கிழமை மத்தியானத்தில்.

குயின் ஸ்ட்ரீட்டில் என் கடைக்கு முப்பத்தொரு வயது. ஜாதிக்காய்த் தைலம், கிராம்புத் தைலம், யூக்கலிப்டஸ், அத்தர். கல்லாவுக்கு மேலே 'கலப்பில்லாதது' என்று பலகை தொங்குகிறது. நானே எழுதி மாட்டியது. பினாங்கில் கிராம்புத் தைலம் விற்கிற கடைகள் பத்துப் பதினைந்து இருக்கும். யார் எதில் என்ன கலக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சொன்னால் பொல்லாப்பு. இந்த ஹபீப் முகம்மது கடையில் கலப்பு கிடையாது என்பதைச் சொல்லிச் சொல்லியே நான் ஆளானேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அதனாலேயே என்னைப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

ஜெயந்தி ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். இந்த நாட்டில் தின்கிற வெங்காயம் முக்கால்வாசி கப்பலில்தான் வருகிறது. இங்கேயே விளைவிக்க முடியுமா என்று கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் ஒரு திட்டம் நடத்துகிறார்கள். விளைகிறது. ஆனால் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் வெங்காயத் தாளில் பூஞ்சணம் பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலை மருந்தே வேண்டாம், கிராம்புத் தைலத்தைத் தண்ணீரில் சோப்போடு கலந்து அடித்தால் போதும் என்பது ஜெயந்தியின் கட்சி. தொட்டிச் செடிகளில் நிரூபித்தும் விட்டாள். அதன் பிறகுதான் வயலில் ஆறு பாத்தி கொடுத்தார்கள். வயலுக்கு லிட்டர் கணக்கில் தைலம் வேண்டுமே என்று என் கடைக்கு வந்தாள்.

அன்று அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பின்னால் இர்வான் நின்றான். திட்டத்தை மேற்பார்வை பார்க்கிற மலாய்க்கார இளம் அதிகாரி. ஜெயந்தி பையைக் கல்லா மேல் கொட்டினாள். வெங்காயத் தாள்கள். ஒவ்வொன்றிலும் வெளிறிய புள்ளி, புள்ளியின் நடுவே ஊதா நிறம், அந்த இடத்தில் தாள் ஒடிந்து தொங்கியது.

"அண்ணே, இதப் பாருங்க. ஆறு பாத்தியிலயும் இப்படித்தான் இருக்கு."

"அதுக்கு நா என்னம்மா பண்ணணும்?"

"தொட்டியில லிட்டருக்கு அஞ்சு மில்லி போட்டேன், நோய் அப்படியே நின்னுச்சு. அது லேப்புக்கு வந்த சின்ன பாட்டில். வயல்ல உங்க தைலம். அஞ்சு போட்டேன், நிக்கல. எட்டு போட்டேன், அதுக்கும் நிக்கல. கோவிச்சுக்காதீங்கண்ணே. தைலத்துல ஏதாச்சும் கலந்திருக்கா?"

அத்தர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். இர்வானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவன் பார்வை பலகைக்குப் போய்விட்டு என்னிடம் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறினால் இறங்க நேரமாகும்.

"அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன். என் கடையில இருந்து போன ஒரு சொட்டுலகூட கலப்பு கெடயாது. மருந்தடிக்கத் தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்க. என் தைலத்து மேல பழியப் போடாத!"

இதையே மலாயில் இர்வானுக்கும் ஒரு முறை சொன்னேன், சத்தியத்தோடு. அவன் தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

ஜெயந்தி தாள்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "வெள்ளிக்கிழம பெரிய ஆபீசர்லாம் வராங்கண்ணே. இப்படியே இருந்துச்சுன்னா, தைலம் வேலைக்காகாதுன்னு எழுதிட்டுப் பாத்தியெல்லாம் பிடுங்கிருவாங்க. ரெண்டு வருஷ வேல." பையை முடிச்சுப் போட்டாள். "சரி. நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க. இனிமே தைலத்தப் பத்தி நா பேச மாட்டேன். கோளாறு எங்கிட்டத்தான் இருக்கணும்."

போய்விட்டாள். ஜெயித்துவிட்ட திருப்தியில் அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் சூடு ஆறவில்லை. தைலக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, கிராம்புத் தைலம் ஒரு சொட்டு விட வேண்டும். சுத்தமானது கனம், அடியில் போய் உட்காரும். வேறு எண்ணெய் கலந்தது மேலே மிதக்கும். பாலிக் புலாவில் கிராம்பு வடிக்கிற ஹஸ்ருலிடமிருந்து வருகிற ஒவ்வொரு டின்னையும், சீல் உடைக்கிற அன்று இப்படிப் பார்ப்பேன். பார்த்து முடித்த டின் பின்கட்டுக்குப் போகும். அங்கே என் மனைவி சபூரா பாட்டில்களில் நிரப்புவாள். ஒரு டின்னுக்கு எத்தனை பாட்டில் என்று நான் எண்ணியதும் இல்லை, பாட்டிலில் போன தைலத்தைச் சோதித்ததும் இல்லை. எதற்குச் சோதிக்க வேண்டும்?

அன்று ஜெயந்தி மீதிருந்த கடுப்பில், வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பலாம் என்று அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். போனை நிறுத்திவைத்துவிட்டுத் தம்ளரில் சொட்டை விட்டேன்.

மிதந்தது.

தம்ளரைக் கழுவி மறுபடி விட்டேன். வேறு பாட்டிலிலிருந்து விட்டேன். மூன்று தடவையும் சொட்டு மேலேயே நின்று, மஞ்சளாக அகலமாகிப் பரவியது.

உடனே ஹஸ்ருலுக்கு போன் போட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம் என்றெல்லாம் பார்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மலாயில் நிதானமாக, அண்ணன் முறை வைத்து, "பாங், நீங்கள்தான் ஒவ்வொரு டின்னையும் பார்த்துத்தானே எடுக்கிறீர்கள்? போன வாரம் வந்த டின் இன்னும் சீல் உடைக்காமல் இருக்குமே, அதைத் திறந்து பாருங்கள்" என்றார்.

திறந்தேன். விட்ட சொட்டு நேராகக் கீழே இறங்கி, தம்ளரின் அடியில் உருண்டையாக உட்கார்ந்தது. பேசாமல் போனை வைத்தேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

டின்னுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் ஆளின் கை.

பின்கட்டில் சபூரா ஸ்டூலில் உட்கார்ந்து, நீல டிரம்மிலிருந்து புனல் வைத்துப் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் தம்ளரோடு போய் நின்றேன்.

"சபூரா, இதுல என்ன கலந்த?"

மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புனலை எடுத்து ஓரமாக வைத்தாள். "தேங்கா எண்ணெ. பாதிக்குப் பாதி."

"எத்தன நாளா?"

"இருவத்திரண்டு வருஷமா."

அவளே சொன்னாள்.

"ஜெலுத்தோங்குலருந்து ஒரு புள்ள கைக்கொழந்தையோட வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கொழந்தைக்குப் பல்லு மொளைக்குதுன்னு ஈறுல நம்ம கிராம்புத் தைலத்தத் தேச்சிருந்துச்சு. வாயெல்லாம் வெந்து கொப்புளம். நீங்க என்ன சொன்னீங்க? 'தைலம் சுத்தம், ஒனக்குத்தான் தேய்க்கத் தெரியல'ன்னு தொரத்தி விட்டீங்க. நா அந்தக் கொழந்தையோட வாயப் பாத்தேன் மச்சான். அன்னைக்கே எண்ணெயக் கலந்தேன். வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு பல்லுவலிக்குத்தான் வாங்குறாங்க. அப்படியே வாயில ஊத்திக்கிறாங்க. இந்த இருவத்திரண்டு வருஷத்துல ஒருத்தருக்காச்சும் வாய் வெந்துச்சா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"அந்த ஆராய்ச்சிப் புள்ளைக்கும் இதே டிரம்முலருந்துதான் ஊத்தினியா?"

"'அஞ்சு லிட்டர் ஊத்து'ன்னீங்க, ஊத்தினேன். செடிக்குன்னு யாரு சொன்னா?" சபூரா எழுந்து என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். "போயி உள்ளதச் சொல்லிருங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"சொன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான். முப்பத்தொரு வருஷமா இந்த வாய வச்சுத்தான் யாவாரம் பண்ணியிருக்கேன்."

"சத்தியம் பண்ணுனீங்களாமே?"

"தெரியாமப் பண்ணது. தெரியாமப் பண்ணதுக்குக் குத்தம் இல்ல."

"இப்பத் தெரியுமே" என்றாள் சபூரா.

அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க யாராவது கிராம்புத் தைலம் கேட்டால் 'தீர்ந்துபோச்சு' என்றேன். சாயங்காலத்துக்குள் ஒரு வழி தோன்றிவிட்டது. அந்த வழி அப்போது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. சீல் உடைத்த அந்தப் புது டின்னை ஜெயந்திக்குக் கொடுத்துவிட வேண்டியது. சுத்தமான தைலம் வயலுக்குப் போனால் நோய் நிற்கும். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் நோய் நின்றதைப் பார்ப்பார்கள். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை அவளை வரச் சொன்னேன். டின்னைக் கல்லா மேல் வைத்து, "பழைய ஸ்டாக் கொஞ்ச நாள் ஆயிருச்சும்மா, வீரியம் எறங்கியிருக்கும். இது புதுசு, இத அடி" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் இவ்வளவு கனிவாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜெயந்தி டின்னைத் தொடாமல் நின்றாள். "நீங்க இன்னும் கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேண்ணே. அன்னைக்கு நாலு பேரு முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"பரவாயில்லலா" என்றேன்.

அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். சபூரா பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்து போனை எடுத்தேன். மணி ஐந்து. ஜெயந்தியிடமிருந்து குரல் செய்தி ஒன்று நான்கு மணிக்கு வந்திருந்தது. பின்னால் காற்று இரைச்சல்.

"அண்ணே, டின் வயலுக்கு வந்துருச்சு. ரொம்ப தேங்க்ஸ். நா உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். நீங்க சத்தியம் பண்ணீங்க, அப்ப தைலத்துல கோளாறு இல்ல. அளவுதான் பத்தல. தொட்டி வேற, வயல் வேறதானே. அதனால இன்னைக்கு லிட்டருக்கு இருவது மில்லி போடப் போறேன். வெயில் எறங்குனதும், ஆறு மணிக்கு. இர்வானும் வரான். துஆ பண்ணுங்கண்ணே."

செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டவன், ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் எட்டு மில்லி என்று போட்டதெல்லாம் உண்மையில் நான்கு. அந்தக் கணக்கிலேயே இருபது போடுகிறாள், ஆனால் இப்போது கையில் இருப்பது கலப்பில்லாத டின். கிராம்புத் தைலம் அளவு மீறினால் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஹஸ்ருல் தன் தோட்டத்து வழியில் புல் மண்டினால், அதையேதான் கொஞ்சம் தாராளமாகக் கலந்து அடிப்பார். சாயங்காலம் அடித்தால் மறுநாள் காலையில் புல் வெந்த கீரையாகக் கிடக்கும். வெங்காயத் தாள் புல்லைவிட மெல்லியது.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன், இந்த முறை அந்த எண் தொடர்பில் இல்லை என்றது. வயலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். மருந்தடிக்கும்போது போனைக் காரில் வைத்துவிடுவாளாம். இர்வான் நம்பர் என்னிடம் இல்லை.

பாலத்துக்கு இந்த நேரத்தில் போனால், பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ்களோடு சேர்ந்து ஊர வேண்டியதுதான். மோட்டாரை எடுத்துக்கொண்டு பெர்ரிக்கு விட்டேன். கைலியை மாற்றக்கூட நேரமில்லை. கடையைச் சபூரா பார்த்துக்கொள்வாள்.

ஐந்து மணி பெர்ரி அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்தது ஐந்தரைக்கு. மோட்டார் வரிசையில் நின்று போனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தேன். செய்தி ஒன்று அனுப்பினேன்: 'ஜெயந்தி, உடனே எனக்கு போன் பண்ணு.' ஒற்றை டிக்தான் விழுந்தது. போய்ச் சேரவில்லை.

பெர்ரியில் ஏறியதும் இரண்டாவது அனுப்பினேன்: 'இன்னைக்கு மருந்தடிக்காத. மழை வரும் போல இருக்கு.' அக்கரைப் பக்கம் உண்மையிலேயே கருத்துக்கொண்டுதான் இருந்தது. மழை வந்தால் மருந்தடிக்க மாட்டார்கள். யா அல்லாஹ், ஒரு மழையைக் கொடு, ஒரே ஒரு மணி நேரம் கொடு என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஒரு பெண் உயிருக்குயிராக வளர்த்த பயிர் வேகப்போகிறது, நானோ இன்னும் மழையின் பின்னால் ஒளியப் பார்க்கிறேன். செய்தியைப் படித்துவிட்டு அவள் கேட்கப்போவது ஒன்றுதான்: மழை வரவில்லையே, ஏன் அடிக்கக் கூடாது? அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்?

பெர்ரி நடுக்கடலுக்கு வந்தது. பக்கத்தில் ஒரு தம்பதி குழந்தைக்குக் கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது செய்தியை எழுதினேன். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். 'நீ வாங்கின தைலத்தில் பாதி தேங்காய் எண்ணெய். புது டின் மட்டும்தான் சுத்தம். இருபது போட்டால் பயிர் கருகிடும். எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது என் தப்பு.' அனுப்பிவிட்டேன். அதற்கும் ஒற்றை டிக்.

பட்டர்வொர்த்தில் இறங்கும்போது ஐந்து ஐம்பது. சுங்கை டுவாவுக்குள் சிவப்பு விளக்கு எத்தனை தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் கைலியைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அப்படி மோட்டார் ஓட்டியவனைப் பார்த்து லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். வானம் கருத்தது கருத்தபடியே நின்றது. ஒரு தூறல்கூட விழவில்லை.

செம்பனைத் தோட்டம் முடிந்து வயல்பக்கம் திரும்பும் முன்பே கிராம்பு வாசம் வந்தது. எனக்குப் பிடித்த வாசம், என் சோறு அதில்தான். அன்று அது வந்தால், அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வரப்பில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். புஷ்பவள்ளி என்ற வேலைக்காரப் பெண், முதுகில் பம்பும் முகத்தில் முகமூடியுமாக மூன்றாவது பாத்தியின் தலைமாட்டில் நின்று கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தி பக்கத்தில் நின்று அளவு சொல்ல, இர்வான் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து! அடிக்காத! நிறுத்து!"

என் கைலி சேற்றில் இழுபட்டது, ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. நான் போய் புஷ்பவள்ளியின் கையிலிருந்த பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோய் அலறினாள்.

"அண்ணே? என்னண்ணே ஆச்சு? யாருக்கு என்ன?" ஜெயந்தி என் தோளைப் பிடித்தாள். வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள் போல.

மூச்சு வாங்கியது. சபூராதான் கலந்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். அதுவும் பாதி உண்மைதான். வாய் வரைக்கும் வந்தது.

"இது சுத்தம்மா. இது மட்டும்தான் சுத்தம். முன்ன வாங்கினதெல்லாம் பாதி தேங்கா எண்ணெ. என் கடையிலதான் கலந்தது. இருவது போட்டா கருகிரும். எத்தன பாத்தி அடிச்சாச்சு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குள் இறங்க ஒரு கணம் ஆனது. "புஷ்பாக்கா, பம்பக் கொட்டுங்க! பச்சத் தண்ணி! இர்வான், ஆயிர்! ஆயிர்! செப்பாட்!" என்று தமிழிலும் மலாயிலும் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டே வாய்க்காலுக்கு ஓடினாள்.

இரண்டு பாத்தி முழுக்க அடித்திருந்தார்கள். புஷ்பவள்ளி பம்பைக் கழுவி நிரப்பி, பச்சைத் தண்ணீரைத் தாள் தாளாகப் பீய்ச்சினாள். இர்வான் கால்சட்டையை மடித்துக்கொண்டு வாளி சுமந்தான். நான் பூவாளி எடுத்து ஊற்றினேன். எண்ணெய் தாளில் ஒட்டிக்கொண்டு மினுமினுத்தது, தண்ணீர் பட்டு வழுக்கி ஓடியதே தவிர வாசம் போகவில்லை. சோப்புத் தண்ணீர் ஒரு தடவை, பச்சைத் தண்ணீர் இரண்டு தடவை. வெளிச்சம் மங்கும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஜெயந்தி ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் அவள் வரப்பில் உட்கார்ந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இர்வான்தான் முதலில் பேசினான். இவ்வளவு நாளும் தோற்றது தைலம் அல்ல, அதில் பாதி தேங்காய் எண்ணெய் என்று எழுத்தில் இருந்தால், பழைய முடிவுகளைத் தள்ளிவிட்டு மிச்சப் பாத்திகளில் புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். விற்றவர் கையெழுத்து வேண்டும். நாளைக்கு மேலதிகாரிகள் அதைப் படிப்பார்கள், பைலில் என்றைக்கும் இருக்கும். "பாச்சிக், சம்மதமா?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான்.

அவன் கொடுத்த தாளைக் கார் பானெட்டில் வைத்து மலாயில் எழுதினேன். கடை பெயர், என் பெயர், அடையாள அட்டை எண். 'என் கடையில் விற்கப்பட்ட கிராம்புத் தைலத்தில் பாதி தேங்காய் எண்ணெய் கலக்கப்பட்டிருந்தது.' பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு வரியும் எழுதினேன். 'இது எனக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும்.' பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இர்வான் படித்துவிட்டு, முதல் வரி மட்டும் போதும், இரண்டாவது தேவையில்லை, வேண்டுமானால் வேறு தாள் தருகிறேன் என்றான். நல்ல பையன்.

"இருக்கட்டும்" என்றேன்.

ஜெயந்தி தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாவது வரியில் அவள் கண் நின்றது.

"செவ்வாக்கிழமையா?"

"ஆமாம்மா."

"புதன்கிழம நா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேண்ணே."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் தாளை நான்காக மடித்து இர்வானிடம் கொடுத்தாள்.

"காலையில வாங்க" என்றாள். "கழுவுனது போதுமா இல்லையான்னு காலையிலதான் தெரியும். நீங்களும் பாக்கணும்."

போதவில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, அடித்த இரண்டு பாத்திகளிலும் தாள்கள் வெளுத்துத் தரையோடு படுத்துக் கிடந்தன. மூன்றாவதில் தலைமாட்டில் ஒரு கைப்பிடி அளவு போயிருந்தது. மிச்சமெல்லாம் புள்ளியோடும் ஒடிந்த தாளோடும், ஆனால் உயிரோடு நின்றன. மேலதிகாரிகள் மூன்று பேர் வந்து, இர்வான் கொடுத்த தாளைக் கைமாற்றிப் படித்தார்கள். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், பல வருஷமாக என் கடையில் ஜாதிக்காய்த் தைலம் வாங்குகிறவர். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் ஆறு வாரம் கொடுக்கிறோம், லிட்டருக்கு ஐந்து மில்லியிலிருந்து புதிதாகத் தொடங்கு என்று ஜெயந்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கருகியதை வயலில் விடக் கூடாது, பூஞ்சணம் அதில் குடியேறும் என்றாள் ஜெயந்தி. நான் கேட்காமலே பாத்தியில் இறங்கிக் குந்தி உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். முதல் செடியை இழுத்ததும் மண்ணோடு வெங்காயம் வந்தது. சிவப்பாகத் திரண்டு, கோலிக்குண்டு அளவு. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

"இன்னும் ஒரு மாசம் போயிருந்தா அறுத்திருக்கலாம்" என்றாள் ஜெயந்தி, என் கையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கூடையை என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள். கூடை நிறையும் வரை பிடுங்கினேன், இன்னும் ஒன்றரைப் பாத்தி இருந்தது.